ஒரே விளையாட்டு, ஐந்து விதப் பயம்

2021 மே மாதம் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் என்ற திகில் வீடியோ விளையாட்டு வெளிவந்தபோது கோலாலம்பூரில் நடமாட்டக் கட்டுப்பாடு மறுபடி வந்திருந்தது. செந்தூலில் எங்கள் பிளாட்டை விட்டு எங்கும் போக வழியில்லை. பிஎஸ்4 விளையாட்டுக் கருவியில் இறக்கி ஒரே வாரத்தில் முடித்தேன். அப்புறம் இதுவரை இன்னும் நான்கு முறை முதலிலிருந்து ஆடிவிட்டேன். எது எங்கிருந்து பாயும் என்பது மனப்பாடம். ஆனாலும் திரும்பப் போக வைப்பது அதன் ஓட்டம். எங்கே விரட்ட வேண்டும், எங்கே மூச்சு விட விடவேண்டும் என்று இதை உருவாக்கிய கேப்காம் நிறுவனத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

தொடக்கத்தில் பனி படிந்த கிராமம். கையில் கொஞ்சம் தோட்டா, கூரை மேலெல்லாம் லைகன்கள் என்ற ஓநாய் மனிதர்கள். மணியடித்து அவை பின்வாங்கும்வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசிவரை இப்படித்தான் என்று நினைக்கும்போது டிமிட்ரெஸ்கு அம்மையாரின் கோட்டை வருகிறது. தங்க வேலைப்பாடு, விரிந்த மாடிப்படி, ஒன்பது அடிக்கு மேல் உயரமான அம்மையார் குனிந்து வாசலுக்குள் நுழைகிற காட்சி. இங்கே சண்டையைவிட ஒளிந்து நழுவுவதுதான் வேலை.

என்னை உலுக்கியது அதற்கடுத்த பெனெவியென்டோ வீடு. அங்கே துப்பாக்கி முதல் கத்திவரை எல்லாம் பறிபோய்விடும். மேசையில் கிடக்கும் மரப்பொம்மையின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி, தொட்டியில் ரத்தத்தைக் கழுவும்போது குழாய்த் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். சுடுவதற்கு ஒன்றும் வராமலே வெகுநேரம் போகும். அப்புறம் விளக்கு அணைந்து, இருட்டுக்குள் குழந்தை அழுகை. கட்டிலுக்கடியில் படுத்தபடி, அழுகிற அந்த உருவத்தின் ஈரமான உடம்பு இழுபடுகிற ஓசை நெருங்குவதைக் கேட்க வேண்டும். முதல் முறை ஆடிய இரவு வெளியே நல்ல மழை. ஹெட்போனில் வந்த அழுகை மேல்மாடிக் குழந்தையுடையதோ என்று கழற்றிப் பார்த்தேன். இன்றும் அந்த இடம் வந்தால் தங்கை, "அண்ணா, பொம்மை வீடா? நான் போறேன்" என்று எழுந்துவிடுவாள்.

அடுத்த எதிரியான மோரோவின் நீர்த்தேக்கம் சின்னது. மீன் துரத்தும், பலகை தாண்டுவோம், முடிந்தது. அந்த அளவு போதும்.

எனக்குள்ள குறை அதற்கடுத்த எதிரி ஹைசன்பெர்க்கின் தொழிற்சாலை. எல்லாத் தளத்திலும் இரும்புச் சுவர், புகை, துளையிடும் கருவியைக் கையில் பொருத்திய உடல்கள். இரண்டாம் மணி நேரத்தில் எந்தப் படிக்கட்டில் நிற்கிறேன் என்பதே குழம்பும். அதுவரை சரியாக அளந்து வைத்த விளையாட்டு இங்கே அளவு தவறிவிட்டது. ஐந்து தடவையும் அதே சலிப்பு.

அதை ஈடுகட்டுவது நடுவில் இருக்கும் கிராமம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அங்கே திரும்புவோம். புதுச் சாவியால் முன்பு பூட்டியிருந்த கதவு திறக்கும். வரைபடத்தில் சிவப்பாக இருந்த அறை எல்லாம் எடுத்து முடித்ததும் நீலமாகும். கோழியும் மீனும் பிடித்து, டியூக் என்ற வியாபாரியிடம் கொடுத்தால் சமைத்துத் தருவார், உடல் வலு நிரந்தரமாகக் கூடும். அவருடைய வண்டி விளக்கைப் பார்த்தாலே தோள் தளர்ந்துவிடும்.

2022 அக்டோபரில் வந்த கூடுதல் பகுதியில், அதுவரை நாயகனின் கண்வழியே மட்டும் பார்த்து ஆடியதை, அவனைப் பின்னாலிருந்து பார்த்தபடி ஆடலாம். நான்காம் முறை அப்படித்தான் ஆடினேன். கோட்டை இன்னும் அழகாகத் தெரிந்தது. பொம்மை வீட்டில் மட்டும் பயம் பாதியாகக் குறைந்தது, முதுகுப்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறதே. முதல் தடவை ஆடப்போகிறவர்கள் பழைய பார்வையிலேயே ஆடுங்கள், ஹெட்போனோடு.