மேல் கடைவாய்ப் பல்லுக்கு முப்பரிமாணப் படம்: யாழ் நகர ஸ்கான் சேவை ஒன்றைப் பற்றி

வேர்ச்சிகிச்சை செய்து உறையும் போட்ட பல் மறுபடி வலித்தால், பல்லைக் கழற்றிவிடுவதே யாழ்ப்பாணத்தில் பலரும் எடுக்கும் முடிவு. அம்மாவின் வலது மேல் முதலாம் கடைவாய்ப் பல்லுக்கும் அதுவே நடந்திருக்கும். ஆனால் அவரைப் பார்க்கும் பல் வைத்தியர், முடிவெடுக்குமுன் கோன் பீம் சி.ரி. எனும் முப்பரிமாண எக்ஸ்றேப் படம் எடுத்துவரும்படி எழுதித் தந்தார். அதற்காக நகரத்துத் தனியார் நிலையமொன்றுக்குச் சென்றோம்.

சாதாரணப் பல் எக்ஸ்றேயும் முன்னர் எடுத்திருந்தோம். அதில் கன்ன எலும்பின் நிழல் வேர் நுனிகளின் மேல் விழுந்திருந்ததால், நோய் இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முப்பரிமாணமுள்ள ஒன்றைத் தட்டையாக்கிக் காட்டும் எந்தப் படத்துக்கும் உள்ள குறை இது. மேல் முதலாம் கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமாக வேர்கள் மூன்றே என்றாலும், கன்னப்பக்க முன்வேருக்குள் பெரும்பாலும் இரண்டு கால்வாய்கள், அதாவது பல்லின் நரம்பு செல்லும் நுண்குழாய்கள், ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். நேரே எடுத்த எக்ஸ்றேயில் அவை ஒன்றையொன்று மறைத்துவிடும். கோன் பீம் இயந்திரமோ தலையை ஒருமுறை சுற்றிவந்து பல கோணங்களில் படமெடுக்கிறது. கணினி அவற்றை ஒன்றுசேர்த்தபின் எத்திசையிலும் வெட்டிப் பார்க்கலாம். சிறிய பரப்புக்கு எடுத்தால் 0.1 மில்லிமீற்றர் அளவு நுணுக்கம்கூடக் கிடைக்கும். இத்தாலியிலும் ஜப்பானிலும் 1990களின் இறுதியில் உருவான இந்த முறை, இன்று வீட்டுக்கு அண்மையிலேயே கிடைக்கிறது.

படம் எடுத்த பணியாளரைப் பாராட்டியே ஆகவேண்டும். படத்தில் உலோகம் விழாதிருக்கத் தோட்டைக் கழற்றும்போது சுரை இறுகியிருந்ததால் அம்மா சிரமப்பட்டபோது, அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வார்களோ என்பதே அம்மாவின் பெரிய கவலை. படம் மேற்றாடைக்கு மட்டும் என்பதால், அதைக் கழுத்திலிருந்து தாழ்த்தி ஈய மேலங்கிக்குள் விட்டாலே போதும் என்றார். நாடியைத் தாங்கியில் வைத்து அசையாமல் நின்றதும், அரை நிமிடத்துக்குள் வேலை முடிந்தது.

வரவேற்பு மேசையில் அந்தப் பக்குவம் இல்லை. "முழு முகத்துக்கும் எடுத்தால் பிறகும் உதவும், காசிலும் பெரிய வித்தியாசமில்லை" என்று வற்புறுத்தினார்கள். வைத்தியர் கேட்டது ஒரு பல்லுக்கு மட்டும். பரப்புக் கூடினால் கதிர்வீச்சும் கூடும், பெரும்பாலும் நுணுக்கமும் குறையும். அமெரிக்க வேர்ச்சிகிச்சையாளர் சங்கமும் வாய், தாடை, முகக் கதிரியக்கவியல் கழகமும் 2015இல் புதுப்பித்த கூட்டு வழிகாட்டலில், முன்னைய சிகிச்சை ஏன் ஆறவில்லை என்று ஆராயச் சிறு பரப்புப் படமே பரிந்துரைக்கப்படுகிறது; எல்லோருக்கும் வழமையாக எடுக்கவேண்டும் என்று அது சொல்லவில்லை. சிறு பரப்புப் படத்தின் கதிர்வீச்சு அளவு பொதுவாகச் சில பத்து மைக்ரோ சீவேட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்தே மனிதருக்கு உலக சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மைக்ரோ சீவேட் கிடைக்கிறது. ஆகவே பயப்பட வேண்டியதில்லை. அதற்காகத் தேவையில்லாமல் எடுக்கவும் கூடாது.

கட்டணம் சாதாரண எக்ஸ்றேயைவிடப் பல மடங்கு. அந்தக் காசுக்கு ஓர் இறுவட்டும் சில அச்சுப் படங்களும் தந்தார்கள். கதிரியக்க வைத்தியரின் எழுத்து அறிக்கை இல்லை. இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். படத்தில் பல்லுக்கு அப்பாலும் எலும்பு, கன்னக் குழி (மேல் பற்களுக்கு மேலே உள்ள காற்றறை) எனப் பலவும் விழுகின்றன. அவற்றையும் யாரோ ஒருவர் பொறுப்புடன் பார்த்தாகவேண்டும்.

நல்லவேளையாக எங்கள் பல் வைத்தியர் அதை வாசிக்கத் தெரிந்தவர். கணினித் திரையில் குறுக்குவெட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, கன்னப்பக்க முன்வேரில் வெள்ளையாக நிரப்பிய கால்வாய்க்குப் பக்கத்தில், நிரப்பப்படாத இன்னொரு கால்வாயின் மெல்லிய கறுப்புப் புள்ளியைக் காட்டினார். அவ்வேரின் நுனியில் எலும்பு கரைந்திருந்தது. அதற்கு மேலே கன்னக் குழியின் சவ்வும் தடித்திருந்தது.

"அப்ப பல்லைக் கழற்றத் தேவையில்லையோ தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"இப்பவே கழற்ற வேண்டாம் அம்மா. அந்த விட்டுப்போன கால்வாயைத் திறந்து துப்பரவாக்கிப் பாப்பம்" என்றார் அவர். எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்துக்குத் திறப்பது என்பதையும் அதே படத்திலிருந்து அளந்து குறித்துக்கொண்டார்.

இந்தப் படம் எல்லாவற்றையும் காட்டிவிடாது. உலோக உறையைச் சுற்றிக் கோடுகளும் கறுப்புப் பட்டைகளும் விழுந்திருந்தன. வேர் நிரப்பிய பல்லில் மெல்லிய வெடிப்பு உண்டா என்பதை இதை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது என்றும், உள்ளே திறந்து நுணுக்குக்காட்டியில் பார்த்தபின்பே தெரியும் என்றும் வைத்தியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

படம் எடுக்கும் தரத்துக்காக அந்த நிலையத்துக்கு மறுபடியும் போவேன். போகிறவர்கள் பல்லின் இலக்கத்தையும் பரப்பின் அளவையும் வைத்தியரிடம் எழுத்தில் வாங்கிச் செல்லுங்கள். எழுத்து அறிக்கை கிடைக்குமா என்பதைப் பணம் கட்டுமுன் கேளுங்கள். அச்சுப் படங்களோடு திரும்பிவிடாமல், டைகொம் கோப்புகள் (கணினியில் வெட்டிப் பார்க்கக்கூடிய மூலப் படங்கள்) முழுவதும் இறுவட்டில் இருக்கின்றனவா என்று அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.