கானாடுகாத்தான் போற வழியில ஒரு பஞ்சர் கடை – நம்பிப் போகலாம்

கடைக்குப் பேரெல்லாம் கெடையாது, புளியமரத்துல தேஞ்சுபோன லாரி டயரக் கட்டி வெள்ளை பெயிண்ட்ல பஞ்சர்னு எழுதியிருக்கும், காரைக்குடியில இருந்து கானாடுகாத்தான் போறப்ப பாத்தாலே தெரியும். ஒரு அண்ணன், கூடமாட ஒரு பையன், ஒரு கம்ப்ரசர், தண்ணித் தொட்டி, அவ்வளவுதான். ஆனா ஒட்ட முடியும்னா முடியும், முடியாதுன்னா முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாரு, அதுக்குத்தான் இந்த ரிவ்யூ.

என் காருக்கு டியூப்லெஸ் டயர், பின்னாடி ரெண்டுலயும் பிரச்சினை. ஒண்ணுல ரோட்டுல படுற நடு பட்டன்லயே ஆணி, இன்னொண்ணுல சைடுவால்ல, அதாவது டயரோட பக்கவாட்டுல, சின்ன கீறல். இதுக்கு முன்னாடி ஒரு பெரிய கடையில ஆணி குத்துன டயர மாத்தியே ஆகணும்னுட்டு, சைடுவால்ல மட்டும் ஓட்டைய அடைக்கிற ரப்பர் ஸ்ட்ரிப் சொருகி அனுப்பிட்டாங்க. தலைகீழ் வைத்தியம்!

இந்த அண்ணன் வந்ததும் ஆணியப் புடுங்கல. மொதல்ல சோப்புத் தண்ணி ஊத்தி காத்தடிக்கிற நெக்கு, ரிம் ஓரம் எல்லாம் கசிவு இருக்கான்னு பாத்தாரு. அப்பறம் ஆணிய உருவி, அரம் மாதிரி கம்பிய விட்டுக் கொடைஞ்சு, ஸ்ட்ரிப்புல சொல்யூஷன் தடவி ஏத்தி, வெளிய நீட்டிக்கிட்டிருந்த வாலை பிளேடால அறுத்து மறுபடி தண்ணி ஊத்துனாரு, ஒரு குமிழி வரல. "பட்டன் பக்கம்னா 6 மி.மீ. வரைக்கும் அடைக்கலாம் தம்பி, அதுக்கு மேல வேணாம். நீங்க ஹைவேல ஓட்டுறவருன்னா டயரக் கழட்டி உள்பக்கம் காளான் வடிவ பேட்ச் போட்டுக்கங்க, அதுதான் நிக்கும், அதுக்கு மெஷினு நம்மகிட்ட இல்ல"ன்னாரு. இல்லாததையும் சொல்றாரு பாருங்க.

ரெண்டாவது டயரத் தொடவே இல்ல. சைடுவால் ஓட ஓட வளைஞ்சு நிமிர்ற எடம், உள்ள நூலு அறுந்திருந்தா எந்த ஒட்டும் தாங்காது, வேகத்துல வெடிச்சிரும்னு சொல்லி ஸ்டெப்னிய மாட்டிவிட்டாரு. அதுக்குக் காசு வாங்கல. ஸ்ட்ரிப்புக்கு மட்டும் நூறு ரூபா.

நான் நிக்கிறப்பவே ஒருத்தர் டியூப் டயர் பைக்கைத் தள்ளிக்கிட்டு வந்தாரு, சீமைக்கருவேல முள்ளு. நம்ம பக்கம் பாதி பஞ்சர் இதுலதான, மீதி பழைய வீடு பிரிச்ச தேக்கு மரத்த ஏத்திட்டுப் போற வண்டியில இருந்து உதுர்ற ஆணியாம், அண்ணன் கணக்கு. டியூபை ஒட்டிட்டு அப்படியே மாட்டாம டயருக்குள்ள பழைய துணிய சுத்தி இழுத்தாரு, ஒரு எடத்துல துணி மாட்டுச்சு, முள்ளோட முனை ஒடிஞ்சு உள்ளயே நின்னிருக்கு! அத எடுக்காம விட்டா ஒட்டுன டியூப் ரெண்டு தெரு தாண்டாது. காத்து இல்லாம ஓட்டிட்டு வந்திருந்தா நெக்கு பிஞ்சு டியூபே போயிருக்கும், தள்ளிக்கிட்டு வந்ததால பொழச்சுதுன்னு அவருகிட்ட சொன்னாரு.

கொறைன்னா காத்துதான். என் கார் கதவு ஸ்டிக்கர்ல 33 psi போட்டிருக்கு, இவரு மதிப்புல அடிச்சு 38 ஏத்திட்டாரு, பெட்ரோல் பங்க்ல போயி கொறைச்சேன். காத்து அளக்குற கேஜ் இருந்தா எடுத்துட்டுப் போங்க. வீல் பேலன்சிங்கும் இங்க கெடையாது, காரைக்குடிக்குத்தான் போகணும். ஜிபே உண்டு, மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் கடையில ஆள் இருக்காது.