டிரிடிரி மடாங்கியா, மோட்டுடாபுவா?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து மாணவர்களைத் தொண்டுப் பயணமாகத் தீவுக்கு அழைத்துப் போக நினைத்தால் முதலில் காதில் விழும் பெயர் டிரிடிரி மடாங்கி. புகழுக்குத் தகுதியான தீவுதான். ஆடுமாடுகள் மேய்ந்து மொட்டையாகிப்போன 220 ஹெக்டேர் நிலத்தில், 1984 முதல் பத்தாண்டுகளில் தன்னார்வலர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை நட்டார்கள். 1993இல் எலிகளும் ஒழிந்தன. பறக்கத் தெரியாத தகாஹே பறவை இன்று பாதையோரத்தில் அச்சமின்றி மேய்கிறது.

சிக்கலும் அதுதான். நட வேண்டியதை எப்போதோ நட்டு முடித்துவிட்டார்கள். பாதைகளைச் சீர்செய்வது, ஹிஹி பறவைகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது, வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது என்று மிச்சமிருப்பவை பழகிய கைகளுக்கான வேலைகள். முப்பது மாணவர்கள் மண்வெட்டியோடு போய் இறங்கினால், அவர்களுக்கு வேலை கண்டுபிடிப்பதே ஒரு வேலையாகிவிடும்.

இன்னொரு தீவான மோட்டுடாபு 1,509 ஹெக்டேர். பெரும்பகுதி இன்னும் மேய்ச்சல் நிலம்தான். பக்கத்து எரிமலைத் தீவான ரங்கிட்டோட்டோவுடன் சேர்த்து, 2011இல் எலி முதலிய அயல் விலங்குகள் அற்றதாக இது அறிவிக்கப்பட்டது. 1994இல் தொடங்கிய மறுசீரமைப்பு அறக்கட்டளைக்கு இங்கே சொந்த நாற்றங்கால் உண்டு. விதை பொறுக்கலாம், நாற்றுகளைப் பெரிய பைக்கு மாற்றலாம், குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடலாம்.

மற்ற மாதங்களில் களையெடுப்பு. புகைப்படத்தில் எடுபடாத வேலை. ஆனால் நட்ட கன்றைப் புல் மூடிவிட்டால் நட்டதே வீண். மாத் பிளாண்ட் என்றொரு களைக்கொடி நம் எருக்குக்கு உறவு: அதே பால், அதே பஞ்சு விதை. காய் வெடிப்பதற்குள் பறித்தாக வேண்டும்.

டிரிடிரிக்கு ஒரு சாதகத்தை மறுக்க முடியாது: பாடம். நிழலுக்காக நெருக்கி நட்ட பொஹுட்டுகாவா மரங்கள் மேலே மூடிக்கொள்ள, கீழே மற்றச் செடிகள் தலையெடுக்கத் திணறின. காடு வளர்ப்பில் செய்த பிழையையும் கண்ணால் பார்க்க அங்கேதான் போக வேண்டும்.

ஒரே நாள்தான் இருக்கிறது, பிள்ளைகளும் சிறியவர்கள் என்றால் டிரிடிரி. கல்லூரி மாணவர்களுக்கு என் தேர்வு மோட்டுடாபு. கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கினால் இன்னும் நல்லது. எங்கே போனாலும் படகேறும் முன் பையைக் கொட்டி எலி, எறும்பு இல்லையென்று பார்த்து, செருப்படி மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும்.