ஆறு வருடம், இரண்டு பிள்ளைகள், ஒரே பிரமிடு

போன வாரம் கொலோனில் இருக்கும் தோழி போன் செய்தாள். "அக்கா, பையன் ஆகஸ்டில் ஏழாவது போறான். வரலாற்றில் இடைக்கால ஐரோப்பா வருதாம். உங்க வீட்ல ரெண்டு பேரும் முடிச்சாச்சே, எப்படி இருக்கும்?" நல்லா இருக்கும் என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனில் சொல்லி முடிக்கவும் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மூத்தவன் ஆறு வருடத்துக்கு முன்பு இதைப் படித்தான். சின்னவள் இந்த வருடம் முடித்தாள். ஒரே பள்ளி, ஒரே புத்தகத்தின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும், வேறு வேறு ஆசிரியர்கள். 476-இல் மேற்கு ரோமின் கடைசிப் பேரரசனைப் பதவியிலிருந்து இறக்கியது, ஃபிராங்க் அரசன் குளோவிஸ் ஞானஸ்நானம் பெற்றது, 800 கிறிஸ்துமஸ் அன்று ரோமில் பிற்கால ஃபிராங்க் அரசன் சார்லமேன் பேரரசனாக முடிசூடியது, 843-இல் வெர்டனில் அவனுடைய பேரன்கள் மூன்று பேர் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டது, இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் வரும். இங்கேயும் ஒழுங்காகவே இருக்கிறது. வரைபடங்கள் அருமை.

என் பிரச்சினை அந்தப் பிரமிடு.

ஜெர்மனியில் பள்ளிக்குப் போனவர்களிடம் 'லேன்ஸ்பிரமிடே', அதாவது நிலமானியப் பிரமிடு, என்று சொல்லிப் பாருங்கள், உடனே கையால் ஒரு முக்கோணம் வரைந்து காட்டுவார்கள். உச்சியில் கிரீடம் வைத்த அரசன். அவனுக்குக் கீழே பிரபுக்கள், ஆயர்கள், மடாதிபதிகள். அதற்குக் கீழே குதிரை வீரர்கள். அடியில் அகலமான பட்டையாக விவசாயிகள். மேலிருந்து கீழே வரும் அம்புக்குறியில் 'நிலம்' என்று எழுதியிருக்கும். கீழிருந்து மேலே போவதில் 'விசுவாசம், படைச் சேவை'. மூத்தவன் புத்தகத்தில் அது மண் நிறம், சின்னவள் புத்தகத்தில் நீலம். டேப்லெட் பதிப்பில் பெயர்களை விரலால் இழுத்துக் கட்டத்தில் போட வேண்டும், சரியாக விழுந்தால் பச்சையாக மாறும். ஆறு வருடத்தில் மாறியது இவ்வளவுதான்.

மூத்தவன் படித்தபோது எனக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது. பத்து நிமிடத்தில் மனதில் பதிந்துவிடும், தேர்வில் அப்படியே வரைந்துவிடலாம். ஆனால் அதைக் கொண்டுபோய் சார்லமேன் பாடத்தின் நடுவில் வைத்திருக்கிறார்கள். நிலம் பெற்றவர்களை இப்படி மேலிருந்து கீழாகப் படிகளில் நிறுத்திப் பார்க்கும் சட்ட நூல்கள் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில்தான் வந்தன. ஏழு படிகளைச் சொல்லும் 'ஸாக்ஸன்ஷ்பீகல்' என்ற ஜெர்மன் சட்டநூல் 1220-க்குப் பிறகு எழுதப்பட்டது. சார்லமேன் இறந்தது 814-இல். நடுவில் நானூறு வருடம்! 1974-இலேயே எலிசபெத் பிரவுன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், 'நிலமானிய முறை' என்ற இந்தச் சட்டகம் பின்னால் வந்தவர்கள் கட்டியது, அதை விட்டுவிட வேண்டும் என்று எழுதினார். இருபது வருடம் கழித்து இங்கிலாந்தின் சூசன் ரெனால்ட்ஸ் பழைய ஆவணங்களை நாடுவாரியாக எடுத்து வைத்து அதே கேள்வியை இன்னும் ஆழமாகக் கேட்டார். நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய விவாதம் இது. அதில் ஒரு வரிகூட என் மகளின் புத்தகத்தில் இல்லை.

எங்கள் வீட்டில் பாடத்தைத் தமிழில்தான் பேசுவோம். நான் ஊரில் படித்த 'நிலமானியம்' என்ற சொல்லைச் சொன்னேன், சின்னவளுக்குப் பிடிபடவில்லை. ஜெர்மன் சொல்லான 'லேஹென்' எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். 'லைஹென்', அதாவது இரவல் கொடுப்பது, அந்த வினைக்கு உறவான சொல் அது. "இரவல் நிலம்" என்றதும் புரிந்துகொண்டாள். உடனே ஒரு கேள்வி: "இரவல்னா திருப்பிக் கொடுக்கணுமே அம்மா. கொடுத்தாங்களா?"

இந்தக் கேள்விக்குப் பிரமிடில் இடமே இல்லை. கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாமல் போனதுதானே அந்தக் காலத்துக் கதையில் பாதி! 877-இல் சார்லமேனின் பேரன் வழுக்கைச் சார்லஸ் இத்தாலிக்குப் படை நடத்திப் போகும் முன் கியர்சி என்ற இடத்தில் ஒரு ஏற்பாடு செய்தான். தான் இல்லாத நேரத்தில் ஒரு பிரபு இறந்துபோனால், அவன் பொறுப்பு மகனுக்குப் போகும் என்று எதிர்பார்க்கலாம். அது அந்தப் படையெடுப்புக் காலத்துக்கான ஏற்பாடு. ஆனாலும் இரவல் மெல்ல மெல்லப் பரம்பரைச் சொத்தாக மாறிக்கொண்டிருந்தது அதில் தெரிகிறது. இன்னொன்று, எல்லா நிலமும் அரசனிடமிருந்து இறங்கி வந்ததும் கிடையாது. 'அலோட்' என்று சொல்லப்பட்ட சொந்த நிலம் எத்தனையோ பேரிடம் இருந்தது, அதற்கு மேலே எந்த அம்புக்குறியும் கிடையாது.

சரி, இதுவரை வீட்டுப் பேச்சு. எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது தேர்வுக்குப் பிறகு.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு வகுப்பே சார்லமேனின் அரண்மனை இருந்த ஆஹெனுக்கு ஒரு நாள் பயணம் போனது. பாடத்தில் சிறந்த நாள் அதுதான். எட்டுப் பட்டையாக எழுந்து நிற்கும் சார்லமேனின் தேவாலயம், ரோமிலிருந்தும் ராவென்னாவிலிருந்தும் வரவழைத்த பழைய தூண்கள், மாடியில் அந்தச் சிம்மாசனம். தங்கத்தில் இருக்கும் என்று நினைத்துப் போன பிள்ளைகளுக்கு வெறும் பளிங்குப் பலகைகளைச் சேர்த்து வைத்த ஒரு கல் நாற்காலி. அதன் பக்கப் பலகையில் காய் நகர்த்தி ஆடும் கட்டம் ஒன்றை யாரோ கீறி வைத்திருக்கிறார்கள். சின்னவள் வீட்டுக்கு வந்ததும் முதலில் சொன்னது அதைத்தான்.

இரண்டாவதாகச் சொன்னது 802. அந்த வருடம் ஆஹெனிலிருந்து ஒரு ஆணை போனது. மதகுருவோ சாதாரண மனிதனோ, நாட்டில் இருக்கிற ஆண்கள் ஒவ்வொருவரும் பேரரசனுக்கு நேராக விசுவாசச் சத்தியம் செய்ய வேண்டும். அரசன் என்ற முறையில் முன்பே அவனுக்குச் சத்தியம் செய்தவர்கள் இப்போது பேரரசன் என்ற முறையில் மறுபடி செய்ய வேண்டும். பன்னிரண்டு வயதானவர்கள் எல்லாரும் உண்டு. அதைச் செய்ய வைக்க அரசனின் தூதர்கள் ஊர் ஊராகப் போனார்கள். என் மகளுக்கும் பன்னிரண்டு வயது. "எங்க கிளாஸ் பசங்க எல்லாரும் பண்ணியிருக்கணும் அம்மா" என்று அன்று இரவு முழுக்க அதே பேச்சு.

தேர்வில் பிரமிடு வந்தது. பெயர்களை நிரப்பி, உறவுகளை அம்புக்குறியால் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் சரியாக நிரப்பிவிட்டு, அடியில் இருக்கும் விவசாயிகளிடமிருந்து நேராக அரசனுக்கு ஒரு புள்ளிக்கோட்டு அம்புக்குறி போட்டு, பக்கத்தில் '802 சத்தியம்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்து இரண்டு புள்ளி கழித்திருந்தார்கள்.

இரண்டு புள்ளி பெரிய விஷயம் இல்லை என்று என் கணவர் சொன்னார். எனக்கு அது பெரிய விஷயம்தான். பாடத்தை ஒட்டி நேரில் போய்ப் பார்த்து, கேட்டு, நினைவில் வைத்து, கேள்வித்தாளில் சரியான இடத்தில் கொண்டுவந்து வைத்த ஒரு குழந்தைக்கு, நீ தெரிந்துகொண்டது தப்பு என்று சொல்லியாகிவிட்டது. தெரியாமல் எழுதியிருந்தால் முழுப் புள்ளி கிடைத்திருக்கும். படம் எளிமையாக இருப்பதில் எனக்குச் சங்கடம் இல்லை, குழந்தைகளுக்கு எளிமை வேண்டும். அந்த எளிமையை அளவுகோலாக வைத்து உண்மையை அடிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பெற்றோர் சந்திப்பில் எங்களுக்குப் பத்து நிமிடம். ஆசிரியை பொறுமையாகக் கேட்டார். அவள் எழுதியது சரி என்று ஒப்புக்கொண்டார். நாலு பிரிவுக்கும் ஒரே விடைக்குறிப்பு, அதில் இல்லாததற்குத் தன்னால் புள்ளி தர முடியாது என்றும் சொன்னார். புள்ளி திரும்பி வரவில்லை. நான் சூடாகத்தான் பேசிவிட்டு வந்தேன்.

ஆனால் இந்த மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷமும் அதே ஆசிரியை கொடுத்ததுதான். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

புத்தகத்தில் இல்லாத ஒரு தாளை அவரே நகலெடுத்துக் கொடுத்திருந்தார். பாரிஸை ஒட்டிய சான் ஜெர்மேன் மடத்துக்கு இர்மினோன் என்ற மடாதிபதி ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதவைத்த நிலக்கணக்கில் ஒரே ஒரு பதிவு. போடோ என்ற விவசாயி, மனைவி எர்மென்ட்ரூட், அவர்களோடு மூன்று பிள்ளைகள். எவ்வளவு உழுநிலம், எவ்வளவு திராட்சைத் தோட்டம், எவ்வளவு புல்வெளி. பன்றி மேய்க்க விடுவதற்கு எவ்வளவு திராட்சை மது, மடத்து நிலத்தில் எவ்வளவு உழ வேண்டும், வாரத்துக்கு எத்தனை நாள் வேலை. அப்புறம் மூன்று கோழி, பதினைந்து முட்டை.

மூன்று கோழி, பதினைந்து முட்டை! ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டிலிருந்து போன முட்டைக் கணக்கு என் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. சின்னவள் அந்தக் குடும்பத்தை வரைந்தாள். எர்மென்ட்ரூட் கையில் கூடை. எத்தனை கோழி வளர்த்தால் மூன்றைக் கொடுத்த பிறகும் வீட்டுக்கு முட்டை மிஞ்சும் என்று நானும் அவளும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். பிரமிடில் இவர்கள் எல்லாரும் சேர்ந்து அடியில் ஒரு நீலப் பட்டை. அந்தக் கணக்குப் புத்தகத்திலோ கொலோனஸ் (குடியானவர்), லீடஸ் (பாதிச் சுதந்திரம் உள்ளவர்), செர்வஸ் (அடிமை) என்று வேறு வேறு நிலையில் மனிதர்கள் இருக்கிறார்கள். கணவன் ஒரு நிலை, மனைவி இன்னொரு நிலை என்று இருக்கும் வீடுகளும் உண்டு. சுதந்திரமானவர்களுக்கென்று பெயர்பெற்ற நிலத்தை அடிமை நிலையில் இருப்பவர் உழுகிறார். அந்த ஒரு பட்டையைப் பிரித்துப் பார்த்தாலே ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம்.

நன்றாக இருந்த மற்றவையும் உண்டு. வாத்து இறகால், சார்லமேன் காலத்துக் கரோலிங்கிய எழுத்தில் பெயர் எழுதும் வகுப்பு நடந்தது. இன்று அச்சில் படிக்கிற லத்தீன் சிறிய எழுத்துகளின் வடிவம் அங்கிருந்து வந்தது என்று மூத்தவனுக்கு யாரும் சொல்லவில்லை, சின்னவளுக்குச் சொன்னார்கள். சார்லமேன் தலையணைக்கு அடியில் எழுதுபலகை வைத்துக்கொண்டு வயதான காலத்தில் எழுதிப் பழகினான், பெரிதாக வரவில்லை என்று அவனோடு பழகிய ஐன்ஹார்ட் எழுதி வைத்திருப்பதையும் படித்தார்கள். அப்புறம் யானை. பாக்தாத் கலீபா ஹாரூன் அல் ரஷீத் அனுப்பிய அபுல் அப்பாஸ். அதை அழைத்துவர அனுப்பிய மூவரில் இருவர் வழியிலேயே இறந்துபோக, ஐசக் என்ற யூதர் மட்டும் யானையோடு திரும்பி, 802 ஜூலையில் ஆஹெனுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். எட்டு வருடம் கழித்து யானை இறந்ததையும் அரசவைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் இது ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி, தேர்வில் வராது. என் பிள்ளைகள் இருவருக்கும் இன்று வரை மறக்காமல் இருப்பது அந்தப் பெட்டிதான்.

ஐந்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்று தோழி கேட்டாள். மேலே எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் நான்கு வரும். நான் இரண்டுதான் தருவேன். சிவப்பு மையில் அடித்ததை நினைத்தால் அதற்கு மேல் ஒரு புள்ளி கொடுக்கவும் கை வரவில்லை.

பையனை மட்டும் தேர்வுக்கு முன்பே ஆஹெனுக்குக் கூட்டிக்கொண்டு போ. கொலோனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். மாடியில் சிம்மாசனத்தைப் பார்க்க வழிகாட்டியோடுதான் விடுவார்கள், அந்தச் சீட்டை முதலிலேயே வாங்கிவிடு. போடோ தாளை நகலெடுத்து அனுப்புகிறேன். போகும் தேதியைச் சொன்னால் நாங்களும் வருவோம். பலகையில் கீறிய அந்தக் கட்டத்தைச் சின்னவள் ஒரு தாளில் வரைந்து, சோயா மொச்சையும் பட்டாணியும் காயாக எடுத்து வைத்திருக்கிறாள். ரயிலில் உன் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பாளாம்.