8 எம்பி பகலுக்கு, பெரிய சென்சார் ராத்திரிக்கு: வாசல் கேமரா அனுபவம்

கடையில் டெமோ காட்டுவது டியூப்லைட் வெளிச்சத்தில். அங்கே 8 எம்பி (மெகாபிக்சல்) கேமராவை எதுவும் ஜெயிக்காது. ஆனால் வாசல் கேமராவின் பதிவை நாம் தேடிப் பார்ப்பது பெரும்பாலும் ராத்திரி நடந்த விஷயத்துக்குத்தான். ஒற்றைத் தெருவிளக்கு உள்ள தெருவில், நள்ளிரவு இரண்டு மணிக்கு, நடந்து போகிற ஆளின் முகம் தெரிகிறதா? வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது மெகாபிக்சல். ராத்திரியைத் தீர்மானிக்கும் எண், வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லின் அளவு; விவரத்தாளில் ‘இமேஜ் சென்சார்’ என்ற வரியில் இருக்கும்: 1/2.8 அங்குலம், 1/1.8 அங்குலம் என்று. கீழே உள்ள எண் சிறிதாக இருந்தால் சென்சார் பெரிது. சோனியின் ஐஎம்எக்ஸ்415 என்பது 1/2.8 அங்குலத்தில் 8 எம்பி. ஒரு பிக்சலின் அகலம் 1.45 மைக்ரான். ஐஎம்எக்ஸ்464 என்பது 1/1.8 அங்குலத்தில் 4 எம்பி, பிக்சல் 2.9 மைக்ரான். அகலம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. ஒவ்வொரு பிக்சலிலும் விழும் வெளிச்சமும் அதே கணக்கில் கூடும்.

8 எம்பி படத்தை 4 எம்பி அளவுக்குச் சுருக்கினால் சரியாகிவிடாதா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். பாதிதான் சரியாகும். மொத்த சென்சார் பரப்பே ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம், அது சுருக்கினாலும் போகாது. அதோடு, இருட்டுப் படத்தின் புள்ளி இரைச்சலையும் ஒரு விவரம் என்று நினைத்து, வீடியோவைச் சுருக்கும் எச்.265 முறை தனக்குக் கிடைத்த பிட்ரேட்டை (நொடிக்கு இவ்வளவு டேட்டா என்ற அளவை) அதற்கே செலவழித்துவிடும். ரெக்கார்டிங்கை நிறுத்திப் பார்த்தால் முகம் மெழுகு பூசியதுபோல இருப்பதற்குக் காரணம் இது. 4 எம்பி என்று எழுதியிருந்தாலே போதும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1/3 அங்குலத்தில் வரும் மலிவான 4 எம்பி, ராத்திரியில் 8 எம்பி அளவுக்கே திணறும்.

லென்ஸையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முகத்தை அடையாளம் சொல்ல, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 தரநிலையின் 2014 பதிப்பு தந்த அளவு. 1/1.8 அங்குல 4 எம்பியில் 6 எம்எம் லென்ஸ் போட்டால் சுமார் 8 மீட்டர் தூரம் வரை அது கிடைக்கும். 1/2.8 அங்குல 8 எம்பியில் 4 எம்எம் போட்டால், ஏறத்தாழ அதே அகலத்தைக் காட்டி, 11 மீட்டர் வரை கிடைக்கும். பகலில் இந்த 3 மீட்டர் உண்மையான லாபம், மறுக்க முடியாது. லென்ஸின் திறப்பைச் சொல்லும் எஃப் எண்ணையும் பாருங்கள்: எஃப்1.0 லென்ஸ், எஃப்1.6-ஐவிட இரண்டரை மடங்கு வெளிச்சம் உள்ளே விடும்.

எந்தக் கேமரா வாங்கினாலும் கடைசியில் படத்தைக் கெடுப்பது ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் வாங்கும் நேரம். ஆட்டோவில் விட்டால் இருட்டில் 1/25 அல்லது 1/12 நொடிக்கு இறங்கிவிடும். லைவில் படம் பளிச்சென்று இருக்கும். நிற்கிற ஸ்கூட்டர், செடித்தொட்டி எல்லாம் அழகாகத் தெரியும். ஆனால் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறவர் 1/25 நொடியில் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். முகத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது. குறுக்கே நடந்தால் அவ்வளவும் இழுவிப் போகும். கட்டம் போட்ட லுங்கி வெறும் சாம்பல் துணியாகத் தெரியும். இந்த இழுவலை எத்தனை மெகாபிக்சலாலும் மீட்க முடியாது. ஷட்டரை 1/100-இல் கட்டிவிட்டால் இழுவல் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே வந்துவிடும், ஆனால் படம் இருளும். அந்த இருளைத் தாங்குவது பெரிய சென்சார்தான், அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதும் இதற்காகவே. கூடவே கெயினுக்கு (படத்தின் பிரகாசத்தைச் செயற்கையாகக் கூட்டும் அமைப்பு) ஓர் உச்சவரம்பு வைத்து, இரைச்சலை அழிக்கும் 3டிஎன்ஆரை நடு அளவிலிருந்து சற்றுக் குறைக்கவும். 3டிஎன்ஆர் அதிகமானால் நடக்கிற ஆளின் கால்கள் கரைந்து, இடுப்புக்கு மேல் மட்டும் மிதந்து வருவதுபோலத் தெரியும். வெளிச்சமான இடத்தையும் இருண்ட இடத்தையும் சமன் செய்யும் டபிள்யூடிஆர் ராத்திரியில் வேண்டாம்.

நம்பர் பிளேட் தனி வேலை. வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 1/25 நொடியில் 33 சென்டிமீட்டர் ஓடிவிடும். 1/500 ஷட்டரும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கும் குறுகிய கோண லென்ஸும் உள்ள இன்னொரு கேமராதான் அதற்கு வழி. வாசல் கேமராவிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

மாதங்கள் போகப் போகத் தெரிவது வேறு. ராத்திரியில் கேமராவைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். லென்ஸ் முன்னால் ஓர் இழை தொங்கினாலும் ராத்திரியில் வெள்ளைக் கயிறாக ஒளிரும், மோஷன் அலர்ட் விடியவிடிய அடிக்கும். மாதம் ஒருமுறை மென்மையான துணியால் துடைத்தே ஆக வேண்டும். போர்டிகோவின் வெள்ளைச் சுவர் பக்கத்திலேயே இருந்தால் ஐஆர் அதில் பட்டுத் திரும்பி, கேமரா எக்ஸ்போஷரை (வெளிச்சம் வாங்கும் அளவை) குறைத்துக்கொள்ளும். கேட் பக்கம் கும்மிருட்டாகும். சுவரிலிருந்து ஓரடி தள்ளி மாட்டுங்கள். ஐஆரும் வெள்ளை விளக்கும் உள்ள இரட்டை விளக்கு மாடலானால் ஐஆரை அணைத்துவிட்டு, கேட்டுக்கு மேல் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று எரியவிடலாம். சட்டை நிறமும் பதிவாகும்.

பொழுது சாய்ந்ததும் கேமரா அணைந்து அணைந்து எரிகிறதா? கேமராவைக் குறை சொல்வதற்கு முன் ஒயரைப் பாருங்கள். ஐஆர் எரியத் தொடங்கும்போது மின்னோட்டம் கூடும்; செம்பு பூசிய அலுமினிய ஒயரில் வோல்ட்டேஜ் இறங்கும்; கேமரா ரீஸ்டார்ட் ஆகும். ஐஆர் எரியும்போதே கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்து, 12 வோல்ட் கேமராவில் 10.8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் ஒயரை மாற்றுங்கள்.

சேமிப்பில் 8 எம்பி இரண்டு மடங்கு இடம் கேட்கும். ஒரு 4 எம்பி கேமரா 4 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 4 மெகாபிட்) ஓடினால் நாளுக்கு 43 ஜிபி, 8 எம்பி கேமரா 8 எம்பிபிஎஸ்ஸில் ஓடினால் 86. நான்கு கேமராவுக்கு 2 டிபி டிஸ்க் முதல் கணக்கில் 11 நாள் தாங்கும், இரண்டாவதில் 6 நாள்கூட வராது.

ராத்திரி முழுக்க விளக்கு எரிகிற பெட்ரோல் பங்க், கல்லாப்பெட்டிக்கு மேலே, நகைக்கடைக் கவுண்டர்: இங்கெல்லாம் 8 எம்பி தாராளமாகப் போடலாம். வாசலுக்கும் சந்துக்கும் 1/1.8 அங்குல 4 எம்பி. மாட்ட வருகிறவரிடம் பணம் கொடுப்பதற்கு முன், இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டு விளக்குகளை அணைத்து, ஒருவரைக் கேட் முன்னால் குறுக்கே நடக்கவிட்டு, லைவை அல்ல, ரெக்கார்டிங்கைப் போட்டு நிறுத்திப் பாருங்கள்.