அரிசி மூடைக்குள் விசை: இரண்டு கணக்குகளில் எதை நம்புவது?

கொழும்பு புறக்கோட்டையின் மொத்த அரிசிக் கடைகளில், மூடைக்குள் செருகி மாதிரி அரிசி எடுக்கும் குத்தூசி வேலை செய்வதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் செருகினால் ஊசி வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு விரற்கடை தள்ளிக் குத்தினால் முட்டிக்கொண்டு நிற்கும். மூடையும் ஒன்று, அரிசியும் ஒன்று. "ஏன் முதலாளி இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன். "சில மணி சுமக்கும், சில மணி சும்மா கிடக்கும் தம்பி" என்றார்.

சில மணிகள் மட்டும் வரிசையாகச் சுமையைக் கடத்துவதை இயற்பியலாளர் விசைச் சங்கிலி என்கிறார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் ரொபேர்ட் பெஹ்ரிங்கரின் குழுவினர் பிளாஸ்டிக் வில்லைகளை அடுக்கி நெருக்கி, முனைவாக்கிய ஒளியில் பார்த்தார்கள். சுமை தாங்கிய வில்லைகள் மட்டும் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன. பக்கத்து வில்லைகள் இருண்டு கிடந்தன. கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினால் கோடுகள் வேறு வழியில் ஓடும். எனவே இந்த மணியில் எவ்வளவு விசை என்று கேட்பதில் பயனில்லை. சராசரியைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தாங்கும் தொடுகைகள், அதாவது மணிகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள், எத்தனை என்றுதான் கேட்க வேண்டும். களஞ்சியத்தின் அடியில் அமுக்கம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏன் கூடுவதில்லை என்பதை 1895இல் யான்சன் விளக்கிவிட்டார்: சுவரின் உராய்வு மீதியைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் அது சராசரிக் கணக்கு. பெரிய விசைகள் எவ்வளவு அரிது என்று சொல்ல இரண்டு கணக்குகள் போட்டியிடுகின்றன.

முதல் போட்டியாளர் 1995இல் வந்த கியூ மாதிரி. ஒவ்வொரு மணியும் தன் மேலுள்ள பாரத்தைக் கீழுள்ள மணிகளுக்கு எழுந்தமானமாகப் பங்குபோடுகிறது, அவ்வளவுதான். உயர்தர மாணவர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் கணித்துவிடலாம். பெரிய விசைகளின் நிகழ்தகவு அடுக்குக்குறி வளைகோடாக, அதாவது ஒவ்வொரு சம படிக்கும் ஒரே விகிதத்தில், குறையும் என்பது இதன் விடை. 1998இல் காபன் தாளின் மேல் கண்ணாடி மணிகளைக் கொட்டி அழுத்தி, பதிந்த புள்ளிகளை அளந்தபோது பெரிய விசைகள் ஏறக்குறைய அப்படியே குறைந்தன. முதன்முதலில் படித்தபோது எனக்கும் இது போதும் என்றே தோன்றியது.

போதாது. இந்த மாதிரி கீழ்நோக்கிய பாரத்தை மட்டும் பார்க்கிறது. பக்கவாட்டு விசையும் மணியின் திருப்பமும் கணக்கில் இல்லை. விசை ஒரு காவி, அதாவது பருமனோடு திசையும் உடையது, என்பதையே விட்டுவிடுகிறது. அதன் விளைவும் தெரிகிறது. மேலே ஒரு புள்ளியில் அழுத்தினால் அந்த அழுத்தம் ஆழத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பப் பரவும் என்கிறது கியூ மாதிரி. மணலில் அளந்து பார்த்தால் அது ஆழத்துக்கு நேர்விகிதமாகப் பரவுகிறது.

இரண்டாவது போட்டியாளரின் வேர் 1989இல் சாம் எட்வேர்ட்ஸும் ஓக்ஷொட்டும் சொன்ன துணிச்சலான எண்ணம்: நெருங்கி நின்றுவிட்ட அடுக்குகள் அனைத்தும் சமவாய்ப்பு உடையவை. 2004இல் நெதர்லாந்துக் குழுவினர் இதை விசைகளுக்குக் கொண்டுவந்தார்கள். தொடுகைகள் சமநிலைச் சமன்பாடுகளை விட மிகுதியாக இருந்தால் ஒரே அடுக்குக்குள் பல விசைத் தீர்வுகள் இருக்கும். சமநிலையைக் காக்கும், இழுக்காமல் தள்ளும் தீர்வுகள் அனைத்தையும் சமமாக எண்ணு என்பதே விதி.

இதில் என்னைக் கட்டிப்போட்ட இடம் ஒன்று. உராய்வில்லாத தட்டையான அடுக்கில், ஒரு மணியின் மேல் செயற்படும் விசைகளைத் தொண்ணூறு பாகை திருப்பி நுனியோடு நுனி வைத்தால் மூடிய பல்கோணி கிடைக்கும். பக்கத்து மணியும் அதே விசையைப் பகிர்வதால் இரண்டு பல்கோணிகளும் ஒரு விளிம்பில் ஒட்டும். இப்படியே போனால் தரையில் ஓடு பதித்ததுபோல் இடைவெளியில்லாத படம் வரும். சட்டகங்களுக்கு மக்ஸ்வெல் 19ஆம் நூற்றாண்டிலேயே வரைந்த படம் இது. மொத்த விசை மாறாதபோது இந்த ஓடுகளின் மொத்தப் பரப்பும் மாறாது. பரப்பு விசையின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பெரிய விசைகள் அடுக்குக்குறியை விட வேகமாக, கோயில் மணியின் வடிவிலான புள்ளியியல் வளைகோட்டின் (மணிவடிவ வளைகோட்டின்) வாலைப் போலக் குறையும்.

வேறுபாடு சிறிதல்ல. சராசரியின் ஐந்து மடங்கைத் தாண்டும் தொடுகைகள் தூய அடுக்குக்குறியில் ஆயிரத்துக்கு ஏழு. அதே சராசரியுள்ள பாதி மணிவடிவில் இலட்சத்துக்கு ஏழு. மணி நொறுங்குமா என்று பார்க்கிறவருக்கு இதுவே முழு விடயமும்.

ஆகவே நான் இரண்டாவது பக்கம். ஆனாலும் சமவாய்ப்பு என்பது எடுகோள்தான். 2017இல் கணினியில் எண்ணிப் பார்த்தபோது, அடுக்கு இளகும் எல்லையில் மட்டுமே அது பொருந்தியது. கொட்டிய விதமும் அதில் பதிவதில்லை. மணலை ஒரே புள்ளியிலிருந்து கொட்டிய குவியலின் உச்சிக்கு நேர் கீழே அமுக்கம் குறைகிறது; மழைபோல் தூவினால் அந்தக் குறைவு காணாமற்போகிறது.

மூன்றாவது வழியும் உண்டு: 1979இல் கன்டாலும் ஸ்ட்ராக்கும் வகுத்தபடி ஒவ்வொரு மணியின் அசைவையும் கணினியில் பின்தொடர்வது. அது விடையைத் தரும், காரணத்தைத் தராது. ஆனால் ஓட்டுப் படம் தட்டையான அடுக்குக்கு உரியது. முப்பரிமாணத்தில் அப்படியே வராது. புறக்கோட்டை மூடைக்கு என்றால் நான் முதலில் கணினியைத்தான் திறப்பேன்.