பெர்ல் ஸ்கிரிப்டுக்கு கெட்ஆப்ட்-எஸ்டிடியா, கெட்ஆப்ட்-லாங்கா?

ஸ்கிரிப்டை ஓட்டும்போது அதன் பெயருக்குப் பின்னால் ஹைஃபனோடு தரும் கமாண்ட் லைன் ஆப்ஷன்களைப் பிரித்தெடுக்கும் இந்த இரண்டு மாட்யூல்களும் பெர்ல் நிரல்மொழியுடனேயே வருகின்றன. தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

எஸ்டிடி ஓரெழுத்து ஆப்ஷன்களுக்கு மட்டும். எழுத்துகளை ஒரே சரமாகக் கொடுத்து, மதிப்பு வேண்டிய எழுத்துக்குப் பின்னால் கோலன் போட்டால் வேலை முடிந்தது.

லாங்கில் முழுச் சொல்லையே ஆப்ஷனாக வைக்கலாம். ஓர் ஆப்ஷனின் மதிப்பு முழு எண் மட்டும் என்று அறிவித்துவிட்டால், எழுத்தைக் கொடுப்பவரை அதுவே எச்சரிக்கும். ஆனால் அது திருப்பித் தரும் விடையைச் சோதித்து நிரலை நிறுத்துவது நம் பொறுப்பு. அதை விட்டால் தவறான உள்ளீட்டோடு ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டே போகும். தயவுசெய்து இதை விடாதீர்கள்.

பலர் கவனிக்காத வேறுபாடு ஒன்று உண்டு. ஃபைல் பெயருக்குப் பின்னால் வரும் ஆப்ஷனை எஸ்டிடி கண்டுகொள்ளாது. முதல் ஃபைல் பெயரிலேயே நின்றுவிடும். லாங் வழக்கமாக அதையும் தேடி எடுத்துக்கொள்ளும். அப்புறம், ஒரே ஹைஃபனில் பல எழுத்துகளைச் சேர்த்து எழுதுவது எஸ்டிடியில் இயல்பு; லாங்கில் ‘பண்ட்லிங்’ என்ற அமைப்பை இயக்கினால்தான் நடக்கும்.

நான் மட்டும் ஓட்டும் சின்ன ஸ்கிரிப்டுக்கு எஸ்டிடி போதும். அடுத்தவர் கைக்குப் போவதற்கும், குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் வைப்பதற்கும் லாங்தான். கிரான் வரியில் ‘ட்ரை-ரன்’ (வெறும் ஒத்திகை ஓட்டம்) என்றிருந்தால் படித்ததும் புரியும். வெறும் ‘n’ என்ற எழுத்து மட்டும் இருந்தால் கோடைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.